கடையைப் பூட்டாமல் கதைக்கிறது

போன வருசம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பொட்காஸ்ட் தொடங்குவம் என்று முடிவெடுத்தோம். நாலு பேரும் கலைப்பீடம். வியாபாரம் என்றால் எங்களுக்குத் தெரிந்தது கன்டீன் கணக்கு மட்டும்தான். ஆனாலும் எங்கட ஊர்களில் சின்னச் சின்னத் தொழில் நடத்துகிற ஆட்களோட கதைத்து, எப்படித் தொடங்கினார்கள், எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்று பதிவுசெய்து வைக்க வேண்டும் என்று ஆசை. பட்டியல் போட்டோம். மிளகாயும் மாவும் அரைக்கிற மில் நடத்துகிற ஒரு அக்கா, வள்ளத்து என்ஜின் திருத்துகிற ஒரு அண்ணை, வீட்டிலிருந்து கேக் செய்து விற்கிற எங்கட வயசுப் பிள்ளை ஒருத்தி. பிறகு மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு விடுகிற ஒரு கலையகத்தில் விலையும் பேசினோம்.

முதல் அழைப்பு மில்லுக்கார அக்காவுக்கு. விசயத்தைச் சொன்னதும் சந்தோசப்பட்டா. எங்க வரவேண்டும் என்று சொன்னதும் குரல் மாறிவிட்டது.

"பிள்ளையள், நான் கடையைப் பூட்டிட்டு வந்தா அண்டைக்கு யாவாரம் போச்சு. வாறவை வேற மில்லுக்குப் போயிடுவினம். ஒருக்காப் போனவை திரும்பி வருவினமோ தெரியாது. வேணுமெண்டா போனில கேளுங்கோவன்."

எங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். போனில் எடுத்தால் அது 'உண்மையான' பொட்காஸ்ட் இல்லை என்று ஒரு நினைப்பு. இரண்டு கதிரை, இரண்டு பெரிய மைக், பின்னால் நீல வெளிச்சம். வியாபாரப் பொட்காஸ்ட் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எங்களுக்கு யார் சொல்லித் தந்தது? வரலாறு படிக்கிற ஆட்கள் என்றபடியால் இந்தக் கேள்வியை விட முடியவில்லை. தேடிப் பார்த்தோம். தேடத் தேட, நாங்கள் 'குறைந்த தரம்' என்று நினைத்த அந்த வழிக்கு எழுபது வருசத்துக்கு மேற்பட்ட வரலாறு இருப்பது தெரிந்தது. அதில் ஒரு முக்கியமான துண்டு கொழும்பிலேயே கிடந்தது.

கலையகம் ஏன் வந்தது?

மைக் ஒரு விசித்திரமான காது. எங்கட காதுக்குப் பின்னால் மூளை இருக்கிறது. வேண்டாத சத்தத்தை அது ஒதுக்கிவிடும். மைக்குக்கு அந்த வசதி இல்லை. ஆள் கதைக்கிறதையும் கேட்கும், சுவரில் பட்டுத் திரும்பி வருகிற எதிரொலியையும் கேட்கும், றோட்டில் போகிற ஓட்டோவையும் கேட்கும். கலையகம் என்ற அறை இந்தப் பிரச்சினைக்குத்தான் விடையாக வந்தது. 1923இல் பிபிசி லண்டனில் சவோய் ஹில் என்ற இடத்துக்குக் குடிபோனபோது அறைகளின் சுவரெல்லாம் தடித்த திரைச்சீலைகளைத் தொங்கவிட்டது எதிரொலியைக் கொல்லத்தான்.

எங்கட நாட்டிலும் அதே காலந்தான். கொழும்பு கோட்டையில் இருந்த மத்திய தந்தி அலுவலகத்தில், ஒரு சின்ன அறையிலிருந்து எட்வர்ட் ஹார்ப்பர் என்ற பொறியியலாளர் இசைத்தட்டுகளைப் போட்டுப் பரிசோதனை ஒலிபரப்பு நடத்தினார். பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்றின் வானொலிக் கருவியின் பாகங்களை வைத்துத்தான் ஒலிபரப்பியைச் செய்தார்கள் என்று சொல்லப்படுகிறது. 1925 டிசம்பர் 16ஆம் திகதி முறையான சேவை தொடங்கியது.

அந்தக் காலத்தில் கலையகத்துக்குப் போவதைத் தவிர வேறு வழி இல்லை. கருவிகள் பாரமானவை. அனேகமாக எல்லாமே நேரடி ஒலிபரப்பு. ஆள் கதைக்கிற அதே கணத்தில் சத்தம் கம்பி வழியாக ஒலிபரப்பிக்குப் போக வேண்டும். ஆகவே கதைக்க வேண்டிய ஆள், சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். இதில் இரண்டு கட்டாயம் இருக்கிறது. ஒன்று நேரம், மற்றது இடம். இனி வருகிற வரலாறு முழுக்க இந்த இரண்டு முடிச்சும் ஒவ்வொன்றாக அவிழ்ந்த கதைதான்.

முதல் முடிச்சு: நேரம்

1940களில் அமெரிக்காவின் பெரிய வானொலி நட்சத்திரம் பாடகர் பிங் குரோஸ்பி. அந்த நாட்டில் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் மூன்று மணித்தியால வித்தியாசம். நேரடி நிகழ்ச்சி என்றபடியால் ஒரே நிகழ்ச்சியை இரண்டு தரம் நடத்த வேண்டிய நிலை. குரோஸ்பிக்கு அது பிடிக்கவில்லை. முன்கூட்டியே பதிவுசெய்து தருகிறேன் என்றார். அவர் வேலை செய்த என்பிசி சம்மதிக்கவில்லை. 1946இல் அவர் ஏபிசிக்கு மாறினார். அனுசரணை கொடுத்தது பில்கோ என்ற வானொலிப் பெட்டிக் கம்பனி.

முதலில் தட்டுகளில் பதிவுசெய்தார்கள். வெட்டி ஒட்ட வேண்டுமென்றால் ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்குப் பிரதி எடுக்க வேண்டும். ஒவ்வொரு பிரதிக்கும் சத்தம் மங்கியது. அப்போதுதான் ஜாக் முல்லின் என்ற பொறியியலாளர் வந்தார். போர்க்காலத்தில் அமெரிக்க இராணுவத்தில் இருந்த அவர், ஜெர்மனியில் கண்ட 'மக்னெட்டோபோன்' என்ற காந்த நாடாக் கருவிகள் இரண்டை நாட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். 1947இல் குரோஸ்பியின் நிகழ்ச்சி நாடாவில் பதிவானது. கேட்டவர்களுக்கு அது நேரடி ஒலிபரப்புப் போலவே இருந்தது. குரோஸ்பி அம்பெக்ஸ் என்ற சின்னக் கம்பனிக்கு 50,000 டொலர் கொடுத்து அந்தக் கருவியை அமெரிக்காவில் செய்யவைத்தார்.

கதைக்கிற நேரமும் கேட்கிற நேரமும் இப்படித்தான் வேறுவேறாயின. நாடாவை வெட்டி ஒட்டலாம் என்பதும் சேர்ந்தே வந்தது. இன்றைக்கு நாங்கள் லப்டொப்பில் 'அந்த இருமலை வெட்டு' என்று சொல்கிறோமே, அதன் பூட்டன் இந்த நாடாதான்.

இரண்டாவது முடிச்சு: இடம்

இப்போ கொழும்புக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியாவில் இருந்த நேச நாட்டுப் படைகளுக்காக இங்கே பலமான சிற்றலை நிலையம் ஒன்று இயங்கியது. போர் முடிந்த பிறகு அந்த வசதி இலங்கை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. இலங்கை வானொலியின் அலை இந்தியா முழுக்கக் கேட்டது.

1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுகளுக்கு இடத்தைச் சுருக்கினார். அந்த வானொலி அப்போ விளம்பரமும் எடுப்பதில்லை. வர்த்தக விளம்பரம் அங்கே வந்தது 1967இல்தான். பாட்டுக் கேட்க ஆசைப்பட்ட சனமும், பொருள் விற்க ஆசைப்பட்ட கம்பனிகளும் ஒரே பக்கம் திரும்பினார்கள். அந்தப் பக்கம் கொழும்பு.

அதே 1952இன் கடைசியில் 'பினாக்கா கீத்மாலா' தொடங்கியது. பினாக்கா ஒரு பற்பசை. சிபா என்ற சுவிஸ் கம்பனியின் பொருள். தொகுத்து வழங்கியவர் அமீன் சயானி. புதன்கிழமை இரவென்றால் இந்தியாவின் எத்தனையோ வீடுகளில் வானொலியைச் சுற்றிச் சனம் கூடியது. எல்லோரும் கேட்டது கொழும்பிலிருந்து வந்த ஒலி. ஆனால் சயானி வாராவாரம் கொழும்புக்கு வரவில்லை. அவர் பம்பாயில் இருந்தே கதைத்தார். பதிவான நாடாச் சுருள் விமானத்தில் கொழும்புக்கு வந்தது. இங்கே அதை ஓடவிட்டார்கள்.

ஒரு கணம் யோசித்துப் பாருங்கள். ஒரு கம்பனியின் காசில் நடந்த நிகழ்ச்சி. குரல் ஒரு நாட்டில், ஒலிபரப்பு இன்னொரு நாட்டில், நேயர் மறுபடியும் முதல் நாட்டில். இடையில் ஒரு விமானம் மட்டும். சயானியும் பம்பாயில் ஒரு கலையகத்தில்தான் பதிவுசெய்தார், அது உண்மை. ஆனால் 'ஒலிபரப்புகிற இடத்துக்கு ஆள் வரவேண்டும்' என்ற சட்டம் அங்கே உடைந்துவிட்டது. ஆள் இருந்த இடத்தில் இருக்க, பதிவு பயணம் செய்தது. நாடாவுக்குப் பதிலாக ஒரு கோப்பு, விமானத்துக்குப் பதிலாக இணையம் என்று மாற்றிப் பாருங்கள். இன்றைக்குத் தூரத்திலிருந்து பொட்காஸ்ட் பதிவுசெய்கிற முறை அதேதான்.

நாடாக் கருவி கையில் தூக்குகிற அளவுக்குச் சுருங்கியபோது இன்னொரு கதவும் திறந்தது. சிக்காகோவில் வானொலி நிகழ்ச்சி நடத்திய ஸ்டட்ஸ் டர்கல், ரேப் றெக்கோர்டரோடு வேலை செய்கிற சனத்திடமே போனார். அந்த உரையாடல்களிலிருந்து வந்த 'வேர்க்கிங்' என்ற புத்தகம் 1974இல் வெளியானது. கலையகத்துக்கு யாரும் அழைத்திருக்க மாட்டாத ஆட்கள் தங்கட வேலையைப் பற்றித் தங்கட வாயாலேயே சொன்னார்கள்.

போன் ஏன் போதவில்லை?

அப்படியானால் போனிலேயே எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கட அக்காவும் அதைத்தானே கேட்டா. இதில்தான் ஒரு சிக்கல். பழைய தொலைபேசி வலையமைப்பு மனிதக் குரலில் சுமார் 300 ஹேர்ட்ஸ் முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரையான பகுதியை மட்டுமே அனுப்பியது. விசயம் விளங்க அது போதும். ஆனால் 'ஸ', 'ஷ' மாதிரியான சத்தங்களின் கூர்மை அதற்கு மேலேதான் இருக்கிறது. அதனால்தான் போன் குரல் ஒரு தகரப் பேணிக்குள்ளிருந்து வருகிற மாதிரிக் கேட்கிறது. ஐந்து நிமிசம் பொறுக்கலாம். ஐம்பது நிமிசம் கேட்க ஏலாது.

இதற்கு இரண்டு விடை வந்தது. ஒன்று பணக்கார விடை. 1990களில் ஒலிபரப்பு நிறுவனங்கள் ஐஎஸ்டிஎன் என்ற சிறப்பு இணைப்புகளைப் பாவித்தன. செக்கனுக்கு 64 கிலோபிட் வீதம் இரண்டு தடம், சேர்த்தால் 128. தரம் நல்லம். ஆனால் அந்த இணைப்பு இருக்கிற இன்னொரு கலையகத்துக்கு விருந்தினர் போக வேண்டும்.

மற்றது கெட்டிக்கார விடை. அமெரிக்கப் பொது வானொலிக்காரர் பாவித்த வழி. தொகுப்பாளர் தன் கலையகத்தில் இருந்து போனில் கேள்வி கேட்பார். விருந்தினரின் வீட்டில் ஒருவர் றெக்கோர்டரும் மைக்குமாக நின்று அவர் சொல்கிறதைப் பதிவுசெய்வார். போன் ஒருவரையொருவர் கேட்க மட்டும். பிறகு இரண்டு பதிவையும் பொருத்தினால், இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்து கதைத்த மாதிரி இருக்கும். இணைப்பு எவ்வளவு மோசமென்றாலும் பதிவு கெடாது. ஏனென்றால் பதிவு இணைப்பின் வழியாகப் போகவே இல்லை. இந்த ஒரு வசனத்தை மட்டும் ஞாபகம் வைத்திருங்கள். மிச்சம் எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

பொட்காஸ்டும் ஸ்கைப்பும்

2003 ஓகஸ்ட்டில் ஸ்கைப் வந்தது. 2004 பெப்ரவரியில் 'கார்டியன்' பத்திரிகையில் பென் ஹமர்ஸ்லி என்ற பத்திரிகையாளர் 'பொட்காஸ்டிங்' என்ற சொல்லை எழுதினார். 2005 யூனில் ஆப்பிள் தன் ஐரியூன்ஸில் பொட்காஸ்டுக்கு இடம் கொடுத்தது. ஏறக்குறைய இரண்டு வருசத்துக்குள் மூன்றும் நடந்தன. தூரத்தில் இருக்கிறவரோடு காசில்லாமல் கதைக்கிற வழியும், நிலையத்தின் அனுமதி இல்லாமல் வெளியிடுகிற வழியும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன. ஸ்கைப் 2025 மேயில் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அது பழக்கிவிட்ட பழக்கம் மூடப்படவில்லை.

வியாபாரப் பொட்காஸ்டில் ஒரு திருப்பம் 2014இல் வந்த 'ஸ்டார்ட்அப்'. அலெக்ஸ் புளும்பேர்க் என்ற வானொலிப் பத்திரிகையாளர் வேலையை விட்டு ஒரு பொட்காஸ்ட் கம்பனி தொடங்கினார். தொடங்குகிறதையே பதிவும் செய்தார். முதலீட்டாளரிடம் போய்த் தடுமாறியது, வீட்டில் மனைவியோடு கவலைப்பட்டுக் கதைத்தது எல்லாம் அதில் இருக்கிறது. வென்ற பிறகு கலையகத்தில் இருந்து சொல்கிற கதையில் அந்தத் தடுமாற்றம் வராது. நடக்கிற இடத்தில் மைக் இருந்தபடியால் வந்தது.

பிறகு 2020. மார்ச்சில் எங்கட நாட்டில் ஊரடங்கு. நாங்கள் ஏ.எல். வகுப்பைப் பாதி சூமில் படித்த ஆட்கள். டேட்டா முடிந்து பொருளியல் பாதியில் நின்ற அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். உலகம் முழுக்கக் கலையகங்களும் பூட்டப்பட்டன. பெரிய வானொலிகளின் நிருபர்கள் உடுப்பு அலுமாரிக்குள் புகுந்தும், போர்வையால் தலையை மூடியும் பதிவுசெய்தார்கள். அலுமாரியில் தொங்குகிற உடுப்பு செய்கிற வேலை, 1923இல் சவோய் ஹில்லின் திரைச்சீலை செய்த அதே வேலை. கம்பனி தொடங்கியவர்களோடு கதைக்கிற 'ஹவ் ஐ பில்ட் திஸ்' என்ற பெயர்பெற்ற நிகழ்ச்சியும் அந்த வருசம் விருந்தினரோடு இணையத்தில்தான் கதைத்தது.

சென்காஸ்டர், ஸ்குவாட்காஸ்ட், ரிவர்சைட் மாதிரியான செயலிகள் பிரபலமானதும் இந்தக் காலத்தில்தான். அவை செய்தது பழைய வானொலிக்காரரின் கெட்டிக்கார விடையைத் தானியங்கி ஆக்கியதுதான். ஒவ்வொருவரின் குரலும் அவரவர் கணினியிலேயே பதிவாகி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பதிவேறும். இடையில் இணைப்புத் தடுமாறினால் கதைக்கிறவர்களுக்குத் தடுமாறும், பதிவுக்குத் தடுமாறாது.

அப்ப, என்ன லாபம்?

முதல் லாபம் நேரம். இது வியாபாரம் செய்கிறவர்களுக்கு மற்ற எல்லோரையும்விடக் கூடுதலாகப் பொருந்தும். ஒரு எழுத்தாளர் கலையகத்துக்கு வந்தால் அவருடைய நாவல் கோபிக்காது. கடைக்காரர் வந்தால் கடை பூட்டு. நாற்பது நிமிசக் கதைக்கு அரை நாள் போகிறது. அந்த அரை நாளைக் கொடுக்கக் கூடியவர் யார்? கடையைப் பார்க்க ஆள் வைத்திருக்கிறவர். அதாவது ஏற்கனவே வளர்ந்தவர். கலையகத்தில் மட்டும் பதிவுசெய்கிற வியாபாரப் பொட்காஸ்டில் வென்றவர்களின் கதை மட்டுமே வருவதற்கு இதுவும் ஒரு காரணம். யாரையும் வேண்டுமென்று ஒதுக்கவில்லை. கதவு இருந்த இடமே ஒதுக்கிவிட்டது. பெண்களுக்கு இது இன்னும் இறுக்கம். கடையோடு சேர்த்து அடுப்பும், பள்ளிக்கூடத்தால் வருகிற பிள்ளையும் அவர்களுக்காகக் காத்திருக்கும்.

இரண்டாவது, காசு. கலையக வாடகை, பஸ் காசு, சாப்பாடு. ஒரு நிகழ்ச்சிக்குத் தாங்கலாம். பத்து நிகழ்ச்சிக்கு எங்களால் ஏலாது. செலவு குறைந்தால் தொடர் நின்றுபோகாமல் நடக்கும். அனுசரணைக்கு ஓடத் தேவையில்லை என்றால், யாரிடம் என்ன கேட்கலாம் என்பதில் சுதந்திரமும் இருக்கும்.

மூன்றாவது, தூரம். எங்கட தொழில்களில் பாதிக்கு மறுமுனை வெளிநாட்டில். தூள் வாங்கி விற்கிற கடை ரொறன்ரோவில் இருக்கும், முதல் போட்ட அண்ணன் லண்டனில் இருப்பார். கோடை காலத்தில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், லண்டன் நாலரை மணித்தியாலம் பின்னால். எங்கட மாலை 6.30க்கு அங்கே காலை 9 மணியும் பிற்பகல் 2 மணியும். மூன்று பேரையும் ஒரு கலையகத்தில் இருத்த எந்தக் காசும் போதாது. தங்கட தங்கட இடத்தில் இருந்தால் ஒரு மணித்தியாலம் போதும்.

நாலாவது, தனித்தனித் தடம். ஒவ்வொரு குரலும் வேறு கோப்பு. அக்கா கதைக்கும்போது நாங்கள் இருமினால் எங்கட தடத்தில் மட்டும் வெட்டலாம். எங்கட பக்கம் நாய் குரைத்தால் அவவின் வசனம் கெடாது.

ஐந்தாவதை நாங்கள் முதலில் யோசிக்கவே இல்லை. அதுதான் கணக்குக் கொப்பி. கலையகத்தில் இருந்திருந்தால் "மிளகாய் அப்ப என்ன விலை?" என்ற கேள்விக்கு "சரியா ஞாபகம் இல்லை, கூடத்தான்" என்ற பதில் வந்திருக்கும். கடையில் இருந்தபடியால் அக்கா லாச்சியைத் திறந்து 2022ஆம் ஆண்டுக் கொப்பியை எடுத்து வாசித்தா. 13 மணித்தியாலம் கரண்ட் போன அந்த நாட்களில் எந்த நேரம் மில் ஓடியது என்றுகூட ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறா. வரலாற்று மாணவருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆவணம் இருக்கிற இடத்திலேயே ஆளும் இருந்து கதைத்தால் ஞாபகமும் சான்றும் ஒன்றாக வரும்.

நட்டமும் இருக்கிறது

எல்லாம் நல்லம் என்று சொன்னால் பொய். முகம் பார்த்துக் கதைக்கிறது வேறதான். ஒரு கேள்வி ஒருவரைக் காயப்படுத்தினால் கண்ணில் தெரியும், இயர்போனில் தெரியாது. சத்தம் போய்ச் சேரக் கொஞ்சம் பிந்துகிறபடியால் இரண்டு பேரும் ஒரே நேரம் தொடங்கி, இரண்டு பேரும் நிறுத்தி, "நீங்கள் சொல்லுங்கோ" "இல்லை நீங்கள் சொல்லுங்கோ" என்று இழுபடும். இரண்டு போனின் கடிகாரமும் துல்லியமாக ஒன்றில்லை. ஒரு மணித்தியாலப் பதிவில் ஒரு செக்கனின் சிறு பங்கு விலகும், பொருத்துகிறவருக்குத் தலையிடி. சிக்னலே இல்லாத ஊர்க்காரருக்கு இந்தக் கதவும் பூட்டுத்தான். அங்கே ஸ்டட்ஸ் டர்கல் மாதிரி றெக்கோர்டரோடு நாங்கள்தான் போக வேண்டும்.

இப்போ யூடியூப்புக்காக வீடியோவும் எடுக்க வேண்டும் என்று பல வியாபாரப் பொட்காஸ்டுகள் திரும்பவும் கலையகத்துக்குப் போகின்றன. அது அவர்கள் விருப்பம். ஆனால் நீல வெளிச்சம் தரத்தின் அடையாளம் என்று நாங்கள் இனி நம்பப் போவதில்லை.

அக்காவின் இருபத்தேழாவது நிமிசம்

கடைசியில் இப்படித்தான் செய்தோம். அக்காவின் போனில் வட்சப் அழைப்பு, ஒரு காதில் மட்டும் இயர்போன். பத்தாம் வகுப்புப் படிக்கிற மகளின் போன் பதிவுக்கு. அதை விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துவாய்க்கு மேல், வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைக்கச் சொன்னோம். பின்னால் மா மூட்டைகள். எந்தக் கலையகத்திலும் அவ்வளவு நல்ல எதிரொலித் தடுப்பு இருக்காது. தொடங்கும்போது எல்லோரும் ஒருக்காக் கை தட்டினோம், பிறகு தடங்களைப் பொருத்த.

இரண்டு தரம் வாடிக்கையாளர் வந்தார்கள். அக்கா எழும்பி நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தா. தராசுத் தட்டின் சத்தம் பதிவில் இருக்கிறது. அதை நாங்கள் வெட்டவில்லை.

"இந்த மில்லை எப்படி வாங்கினீங்கள்?" என்று கேட்டு அவ பதில் தொடங்கியதும், இருபத்தேழாவது நிமிசத்தில் அழைப்பு அறுந்தது. திருப்பி எடுத்தோம், போகவில்லை. கால் மணித்தியாலத்துக்குப் பிறகு இணைப்பு வந்தபோது அக்கா "அவ்வளவுதான் பிள்ளையள், கடையில சனம், வைக்கட்டே?" என்றா. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை என்று நாங்கள் ஆளையாள் பார்த்தோம்.

இரவு மகள் கோப்பை வட்சப்பில் டொக்கியூமென்ற் ஆக அனுப்பினா. சுருக்காத நல்ல தரப் பதிவென்றால் ஒரு மணித்தியாலத்துக்குச் சுமார் 346 மெகாபைட். செக்கனுக்கு 128 கிலோபிட் அளவில் சுருக்கினால் சுமார் 58தான். அவ அனுப்பியது சின்னக் கோப்பு. போட்டுக் கேட்டோம். இருபத்தேழாவது நிமிசத்தில் எங்கட தடம் மௌனம். அக்காவின் தடம் போய்க்கொண்டே இருக்கிறது. வாடிக்கையாளருக்கு எழும்பும்போது கழன்ற இயர்போனை அவ திருப்பிப் போடவே இல்லை. நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பில், தாலிக்கொடியை அடகு வைத்தது, அதை மாமியாருக்குச் சொல்லாமல் மூன்று வருசம் சேலைத் தலைப்பால் கழுத்தை மூடித் திரிந்தது, மீட்ட அன்றைக்கு மில்லை ஒரு மணித்தியாலம் பூட்டிவிட்டுக் கோயிலுக்குப் போனது என்று ஒன்பது நிமிசம் சொல்லியிருக்கிறா.

எங்கட தொடரிலேயே நல்ல ஒன்பது நிமிசம் அது. அதைச் சொல்லும்போது நாங்கள் யாருமே அங்கே இல்லை.

வெளியிட முதல் அந்தப் பகுதியை அவவுக்கே அனுப்பி, போடலாமா என்று கேட்டோம். ஒரு நாள் பதில் இல்லை. அடுத்த நாள் மத்தியானம் ஒரு குரல்செய்தி வந்தது. பின்னால் மில் ஓடுகிற சத்தம்.

"போடுங்கோ பிள்ளையள். மாமி இப்ப இல்லைத்தானே. கடையைப் பூட்டினது அந்த ஒரு மணித்தியாலம் மட்டும்தான் எண்டதையும் வெட்டாமப் போடுங்கோ."